நாலு வரிசை

தக்கை பாதியில் முறிந்துவிட்டது.
மிச்சத்தை, நாக்கைக் கடித்துக்கொண்டு,
துணுக்குத் துணுக்காக வெளியே எடுத்தார் வெர்தியே,
லியோனிலிருந்து விலை பேச வந்தவர்.
இருபத்தெட்டு வருஷம் படுத்தே கிடந்த புட்டியை
நேற்றுத்தான் எழுப்பி நிற்க வைத்தேன்,
வண்டல் கீழே இறங்கட்டுமென்று.

மேசையில் மூன்று கிளாஸ்.
மூன்றாவது ஒக்தாவுக்கு.
நான் அழைக்கவில்லை.
ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்
புட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

முதல் வாயில் ஒன்றுமில்லை.
ஈரச் சாக்கு. துருப்பிடித்த ஆணி.
பூட்டிக் கிடந்த வீட்டின் மூச்சு.
"சிரா அப்படித்தான், பொறுப்போம்" என்றார் வெர்தியே.
பொறுத்தோம்.
கீழே ரோன் நதி போய்க்கொண்டிருந்தது,
அதன் கரையோடு நீளமான ஒரு சரக்கு ரயிலும்.

அப்புறம் அது வாய் திறந்தது.
விளிம்பில் பழைய செங்கல் நிறம்,
நடுவில் இன்னும் இருட்டு.
மிளகு வந்தது,
பொடித்ததல்ல, தட்டியது.
பின்னாலேயே கருப்பு ஆலிவ்,
புகை போட்ட இறைச்சியின் கொழுப்பு,
எலுவாவின் தோல் கையுறையை
மழையில் மறந்து மறுநாள் எடுத்தால் வரும் வாடை.

வெர்தியே கண்ணை மூடிக்கொண்டார்.
"ஒரே தோட்டம். ஒரே சரிவு.
கோம்ப்-நுவாரின் கருங்கல்லைத் தவிர
வேறெதுவும் இதில் பேசவில்லை, மதாம்."
லேபிளிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது.
எனக்குத்
திருடனைத் தேள் கொட்டியது போலிருந்தது.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஆலங்கட்டி.
எங்கள் சரிவில் பாதி நொறுங்கிவிட்டது.
ஓடைக்கு அந்தப் பக்கம், சிவந்த களிமண்ணில்,
ஒக்தாவின் கொடியில் ஓர் இலை கிழியவில்லை.
வங்கிக்கு ஆலங்கட்டி புரியாது.
நிலா இல்லாத இரவில்
நானும் எலுவாவும்
நாலு வரிசை.
சத்தம் வராமலிருக்கக் கத்தரியில்
காலுறையைச் சுற்றிக் கட்டியிருந்தான்.
விடிந்ததும் ரொட்டிக் கடை வாசலில்
காட்டுப்பன்றிகளை ஒக்தாவ் திட்டிக்கொண்டிருந்தார்.
எலுவாவும் கூடச் சேர்ந்து திட்டினான்.

அந்தக் கொடிகள் இப்போது இல்லை.
பிடுங்கிவிட்டு ஆப்ரிகாட் நட்டார் அவருடைய மருமகன்.
எலுவாவும் இல்லை.

ஒக்தாவ் இன்னும் விழுங்கவில்லை.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி,
பழகிய வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல
மேசையை விரலால் ஒருதரம் தட்டினார்.
விழுங்கினார்.

கணக்குப் புத்தகம் எடுக்க
வெர்தியே காருக்குப் போனார்.

"காட்டுப்பன்றி
கத்தரியால் வெட்டாது, சொலாஞ்ஜ்."

"தெரிந்துமா திட்டினீர்கள்?"

"எலுவா எவ்வளவு உரக்கத் திட்டுவான் என்று
பார்க்க ஆசையாயிருந்தது."

கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
"இந்த ஆலிவ் இருக்கிறதே, அது என்னுடையது.
மிளகு உங்களுடையது.
மிளகுதான் கொஞ்சம் தூக்கல்."

எத்தனை மிச்சம் என்று கேட்டார்.
பதினொன்று என்றேன்.
விரலை மடக்கி மடக்கி எண்ணினார்,
ஒரு விரலைப் பாதி மடக்கியபடி யோசித்தார்.
"விற்பனைக்கு இல்லையென்று
நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?"

காரின் கதவு சாத்தும் சத்தம்.
சரளைக்கல்லில் காலடி.
வெர்தியேயின் கிளாஸில் மிச்சமிருந்ததை
ஒக்தாவ் அவசரமாகத்
தன்னுடையதில் கவிழ்த்துக்கொண்டார்.