பட்டை வேண்டாம்

கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில்:
"ஒத்துழைக்க மறுக்கிறார்."
மூன்று முறை வந்திருக்கிறார் ஹைருதின்.
மூன்று முறையும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு
படியிறங்கிப் போயிருக்கிறார்,
கடைசி முறை தொப்பியை விட்டுவிட்டு.
டிசம்பர். துஸ்லா. சன்னலுக்கு வெளியே
நிலக்கரிப் புகை எது, பனி எது என்று தெரியவில்லை.

தொப்பி என் மேசை இழுப்பறையில் இருந்தது.
அதைத்தான் முதலில் கொடுத்தேன்.
ஊசியைப் பற்றிப் பேசவில்லை.
நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து இழுத்து
கதவு தெரியும்படி திருப்பிப் போட்டேன்.
கதவைத் திறந்தே வைத்தேன்.
தாழ்வாரத்தில் யாரோ வாளியை உருட்ட
அவர் தோள்கள் காதுவரை ஏறின,
இறங்க வெகுநேரம் பிடித்தது.
"அது ஸும்ரெதா, தரை துடைக்கிறவர்.
இன்னும் இரண்டு முறை அந்தச் சத்தம் வரும்."
வந்தது.
இரண்டாம் முறை தோள்கள் பாதிதான் ஏறின.

பிறகு பட்டையை எடுத்தேன்.
நீல ரப்பர், ஒரு முழம்,
நாளுக்கு அறுபது கைகளில் நான் யோசிக்காமல் கட்டுவது.
அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை.
பட்டையைப் பார்த்தார்.

பதினாறு வருஷ வேலையில் அன்றுதான் கண்டேன்:
மணிக்கட்டைச் சுற்றி வெள்ளையாக,
கடிகாரம் கழற்றிய தடம் போல ஒரு கோடு.
இரண்டு கையிலும்.
யாரும் இரண்டு கையிலும் கடிகாரம் கட்டுவதில்லை.

அசையாதீர்கள், அசையாதீர்கள் என்று
எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்.
அந்தச் சொல் அன்று தொண்டையிலேயே நின்றது.

எங்கே, யார், எந்த முகாம்,
எதையும் கேட்கவில்லை.
இரத்தம் எடுக்க அந்தக் கதை எனக்குத் தேவைப்படவில்லை.
அவர் கண்முன்னேயே பட்டையை இழுப்பறையில் போட்டுத்
தள்ளி மூடினேன்.
"இது இல்லாமலும் எடுக்கலாம். நேரமாகும்.
உங்களுக்கு அவசரமா?"
"பஸ் நாலரைக்கு."

வெந்நீர்ப் பையைத் துவாலையில் சுற்றிக் கொடுத்து
முழங்கை மடிப்பில் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
நிறுத்து என்றால் நிறுத்துவேன் என்றேன்.
உடனே "நிறுத்து" என்றார்,
நான் இன்னும் எதையும் தொடங்கியிருக்கவில்லை.
நிறுத்தினேன்.
கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சோதித்துப் பார்க்கிறார் என்று
பிறகுதான் புரிந்தது.

ஆய்வகத்திலிருந்து தொலைபேசி: மாதிரி எங்கே?
வருகிறது என்றேன்.
வரவில்லை. தோலுக்கடியில் ஒன்றும் எழவில்லை.

அப்போது அவர் கேட்டார்,
இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்காததை,
நிறுத்தத்தில் நிற்பவரிடம் மணி கேட்பதைப் போல:
"நீ எங்கே இருந்தாய், அப்போது?"

"நிலவறையில். ஒன்பது வயது.
மூட்டையில் உருளைக்கிழங்கு முளைவிட்டிருந்தது.
அந்த வாடை எனக்கு இன்றைக்கும் ஆகாது.
வீட்டில் கணவர்தான் வாங்குவார், அவரே உரிப்பார்."

சிரிக்கவில்லை. மெதுவாகத் தலையாட்டினார்,
உரிக்கிறவன் நல்லவன் என்பதுபோல.
நாங்கள் இருவரும் பார்க்காத அந்த நேரத்தில்
மடிப்பில் நாளம் எழுந்து நின்றிருந்தது.

"இப்போது?"
சன்னலைப் பார்த்தபடி, "இப்போது."

இரண்டு குழாய் நிறைந்தது. மூன்றாவதற்குப்
"போதும்" என்றார். விட்டுவிட்டேன்.
மருத்துவர் திட்டுவார்;
இரண்டில் என்ன தெரியுமோ அதைப் பார்க்கட்டும்.
பஞ்சை அவரே அழுத்திக்கொண்டார்.
நாலரைப் பஸ் எப்போதோ போயிருந்தது.

சிவப்பு வரியை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.
அதன் கீழே நீல மையில் எழுதினேன்:
பட்டை வேண்டாம். வெந்நீர்ப் பை.
கதவு திறந்திருக்கட்டும், நாற்காலி கதவைப் பார்த்து.
வாளிச் சத்தம் வருமென்றால் முன்பே சொல்லவும்.
நிறுத்து என்றால் நிறுத்தவும்,
தொடங்கும் முன்பே சொன்னாலும்.

தொப்பியை மறுபடி மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.
இழுப்பறையில்
பட்டையின்மேல் வைத்தேன்.