மூன்றாவது ஜன்னல்

ஆணி அடித்திருக்கும், விடுங்க டீச்சர் என்றார்கள்.
ஆணி இல்லை. விரலால் தடவிப் பார்த்துவிட்டேன்.
பெயிண்ட் மட்டும்தான்.

பரிசோதனைக்கு ஆள் வருகிற ஒவ்வொரு முறையும்
பிள்ளைக் காம்பராவின் பூட்டிய ஜன்னலைப்
பூட்டியபடியே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
சட்டம் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது,
மரத்துக்கே மறந்திருக்கும்.

பகல் பால் கொடுக்க வந்தவர்கள்
மலைக்குத் திரும்பி, தொட்டில்களும் அடங்கியபின்
துகள் பிள்ளைகள் வாய்க்குப் போகாமல்
ஈரச் சாக்கை விரித்தேன்.
பொகவந்தலாவையில் வாங்கிய ஹெக்ஸோ பிளேட்,
ஒரு முனையில் துணி சுற்றி
இடுக்கில் வைத்து இழுத்தால்
வெள்ளை உதிர்கிறது. கீழே கம்பனிக்காரன் பச்சை.
அதற்கும் கீழே, அரசாங்கம் எடுத்த காலத்துக்
கபில நிறம், சப்பாத்துப் பொலிஷ் மாதிரி.
அதற்கும் கீழே கொஞ்சம் நீலம்.
நீலத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

மேல்பக்கம் விடவில்லை.
கட்டை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன்,
ஏப்பத்துக்குப் பிள்ளை முதுகில் தட்டுகிற அளவு.

கொழுந்து மடுவத்திலிருந்து பரஞ்சோதி கேட்டார்:
"அதை மட்டும் ஏன் அடைச்சாங்க தெரியுமா?
அது ஏழாம் நம்பர் மலைக்கு நேரா இருக்கு.
பிள்ளை அழுற சத்தம் கேட்டா
கொழுந்து குறையுமாம்."
சிரித்தார்.
பொய்யாகவும் இருக்கலாம்.
தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு கதை வைத்திருப்பவர் அவர்.

நான் பிணைச்சலுக்கு மெழுகுதிரி தேய்த்தேன்.

ஐந்தாவது தட்டில்
முறுக்கு ஒடிந்த மாதிரி ஒரு சத்தம்.
இரண்டு விரல் அகலம். அவ்வளவுதான்.
மரம் ஊதியிருக்கிறது,
மிச்சத்துக்கு வெயில் வரவேண்டும்.

அந்த இரண்டு விரலில்
முகில் வந்தது, நனைந்த படங்கின் வாடை வந்தது.
லிதுர்ஷன் முழித்துக்கொண்டான்.
முகத்தில் பட்டது என்னவென்று தெரியாமல்
ஒரே கத்து.

ஏழாம் நம்பர் மலையில்
குனிந்திருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தன.
யாருடைய பிள்ளை என்று தெரியும்வரை
ஒரு கையும் கொழுந்தில் இல்லை.

பிறகு ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள்.
மேரி ரோஸ்லின் மட்டும்
கூடையை இறக்காமல் நின்றாள்.

பெயிண்ட் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
அவனைத் தூக்கி
அவன் கையை இடுக்கால் வெளியே நீட்டினேன்.
அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்ததோ என்னவோ.

கங்காணி விசிலடித்தார்.
இப்போது அதுவும்
இங்கே கேட்கிறது.