பின்கதவு, இடது பக்கம்

காலை ஏழரைக்கு அழைப்பு.
செல்கிர்க் அவென்யூ, பழைய கொரோலா,
பின்கதவு, இடது பக்கம்.
வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
மூச்சு ஒவ்வொன்றும்
ஊசி கோத்துக்கொண்டு உள்ளே போனது.

கண்ணாடி இருந்த இடத்தில் ஒரு ஜாக்கெட்.
கைகளை உள்ளே மடக்கி,
காலரைக் கதவிடுக்கில் செருகி
காற்று நுழையாதபடி அடைத்திருந்தது.
"நல்லா அடைச்சிருக்கீங்க" என்றேன்.
"நான் இல்ல" என்றாள் ஒரீசியா.
"உடைச்சவன் வேலை."

பதினொரு வருஷத்தில்
லேப்டாப் போன கார் பார்த்திருக்கிறேன்,
டயப்பர் பை போன கார்,
அஸ்திக் கலசம் போன கார்கூட ஒன்று.
ஒன்றுமே போகாத கார்
இதுதான் முதல்.
காபி கப் வைக்கும் குழியில் சில்லறை அப்படியே.
கறுப்புக் கண்ணாடி, டார்ச், அப்படியே.
பின்சீட்டில் மட்டும்
துண்டுகளை ஓரமாய் ஒதுக்கியிருந்தது,
முழங்காலை நெஞ்சோடு மடக்கினால்
ஓர் ஆள் படுக்கிற அளவு.

கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
குளிரில் கிளிப்பெல்லாம் பிஸ்கட்.
இரண்டு ஒடிந்தன. சொல்லவில்லை,
பையில் வேறு இருந்தன.
கதவின் வயிற்றுக்குள்
கல்கண்டாய்க் குவிந்து கிடந்தது கண்ணாடி.
பெரிதாய்க் கிழிக்காது இது,
அப்படித்தான் வார்க்கிறார்கள்.
நடுவில் குத்தினால் தாங்கும்.
மூலையில் சின்னதாய் ஒரு அடி,
மொத்தமும் ஒரே நேரத்தில்
மனசு விட்டுவிடும்.

வேக்குவம் போட்டேன்.
பெல்ட் கொக்கிக்குள், சீட் தையலுக்குள்,
போன வருஷத்துப் பார்க்கிங் சீட்டின் மடிப்புக்குள்.
"ஜூலையில ஏசி போடுவீங்க,
எங்கிருந்தாவது ஒண்ணு விழும்.
அதுக்காக என்னைக் கூப்பிடாதீங்க."
எல்லோருக்கும் சொல்வதுதான்.
எல்லோரும் சிரிப்பார்கள்.

அவள் சிரிக்கவில்லை.
"ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்.
சமையலறை லைட் எரிஞ்சுது.
தட்டியிருக்கலாமே?"
காபி ஆறுகிற வரை கையில் வைத்திருந்து,
"தட்டியிருந்தா திறந்திருக்க மாட்டேன்"
என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

குளிருக்குப் பயந்து உடைத்த ஓட்டை வழியே
அந்தக் குளிரும் கூடவே ஏறிப் படுத்திருக்கும்.
அதை அடைக்க
மேலே போட்டிருந்ததைக் கழற்றியிருக்கிறான்.
விடிந்து போகும்போதும் எடுக்கவில்லை.
எடுத்தால் சீட்டில் பனி விழுமே என்றா,
யாரோ வருகிற சத்தம் கேட்டா?
எவ்வளவு தூரம் நடந்தான் அப்படியே?
எனக்கென்ன.
நான் கண்ணாடிக்காரன்.

புதியதைச் சாய்த்து இறக்கி
ரப்பர் பள்ளத்தில் உட்காரவைத்துத் திருகினேன்.
ஏற்றினேன், இறக்கினேன், ஏற்றினேன்.
மற்ற மூன்றிலும் பதினாலு குளிர்காலத்துக் கீறல்.
இது மட்டும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.
கையுறையைக் கழற்றி
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.
ரேகை விழுந்தது.
இருந்தது.

முந்நூற்று நாற்பது டாலர்.
பேனா மை உறைந்துபோய்
ரசீதை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து எழுதினேன்.
"கண்ணுல படுற மாதிரி
எதையும் வண்டியில வைக்காதீங்க."
இதுவும் எல்லோருக்கும் சொல்வது.
சரி என்று தலையாட்டினாள்.
ஜாக்கெட்டை உதறினாள்.
பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்று விழுந்தது,
குனிந்து எடுத்து, பார்க்காமல்
அதே பைக்குள் போட்டாள்.
நாலாய் மடித்துப் பின்சீட்டில் வைத்தாள்,
இடது ஓரமாய்,
தெருவிளக்கு விழுகிற பக்கம்.

வேனில் ஏறிவிட்டேன்.
அவள் சாவியை அமுக்கியது தெரிந்தது.
ஒரு முறை கூவினால் பூட்டு,
இரண்டு முறை என்றால் திறப்பு.
என் இன்ஜின் இருமிக்கொண்டிருந்தது,
எண்ண முடியவில்லை.

அடுத்தது மெக்ஃபிலிப்ஸ் தெரு.
முன்கண்ணாடி, லாரியிலிருந்து தெறித்த கல்.
பூட்ஸுக்குள் ஏதோ ஒன்று
பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் உறுத்தியது.