ஐந்து மதிப்பெண் வினா

இலை வாட்டும் தொட்டிக்கு மேலே
ஒரே ஒரு டியூப்லைட்.
அதன் கீழே நின்றுதான்
தொலைநிலைக் கல்வி, பி.ஏ. தமிழ்,
இலக்கணத் தாள், இரண்டாம் முறை.
போன வருஷம் நாலு மார்க்கில் போனது.
எடைச்சீட்டின் முதுகில் எழுதி
ஸ்வெட்டர் பைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்:
உவமை என்றால் 'போல' இருக்கும்.
உருவகம் என்றால் 'போல' போய்விடும்.

"இதெல்லாம் படிச்சு என்ன ஆகப் போகுது?"
என்றார் சூப்பர்வைசர் செபஸ்தி.
இது அறியா வினாவா
விடையை உள்ளே வைத்திருக்கும் வினாவா
என்று யோசித்தபடி
இலையைப் புரட்டிப் போட்டேன்.
நைட் ஷிப்டுக்கு நான் நுழைந்தால்
"சிலோன் வந்தாச்சு" என்பார் அவர்.
இடவாகுபெயர்.
அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை.

மோனை எளிது.
கோத்தகிரி ஸ்டாண்டில் பஸ் பலகையே சொல்லித்தரும்:
கோடநாடு, கோணவக்கரை.
தேர்வுக்கு ஊட்டி போகும் வழியில்
கட்டபெட்டு, தொட்டபெட்டா. எதுகை.
வாந்தி வரும் வளைவுகளில்
சீர் பிரித்துக்கொண்டே போவேன்.

இரட்டுற மொழிதலுக்கு
எங்கள் வீடே போதும்.
லயம்.
கப்பலில் வந்த சொல்.
தகரக் கூரை, பத்து வாசல், ஒரு குழாய்.
அகராதியில் தேடினால்
தாளத்தோடு ஒன்றுதல் என்கிறது.
மழை பெய்யும்போது
இரண்டு பொருளும் ஒரே இடத்தில் ஒழுகும்.

சிக்கல் திணையில்தான்.
மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி.
சரி, அதில்தான் இருக்கிறேன்.
கருப்பொருளில் தினை உண்டு, மூங்கில் உண்டு.
தேயிலை இல்லை. சில்வர் ஓக் இல்லை. காரட் இல்லை.
பெரும்பொழுது கூதிர்; இங்கே ஆடிச் சாரல்.
யாமம் மட்டும் பொருந்துகிறது,
அதுவும் ஷிப்ட் என்பதால்.
புணர்தலும் புணர்தல் நிமித்தமும்
என்று எழுதும்போது பேனா நின்றது.
யோகராசு திருப்பூரில், பனியன் கம்பெனியில்.
பதினாலு மாதம்.
மலை மேல் உட்கார்ந்துகொண்டு
பாலை நடத்துகிறேன்.
திணைமயக்கம் என்று
இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.
பெயர் இருப்பதில் கொஞ்சம் ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னேன்:
"வாசப் பேரிக்கா பழுத்துக் கொட்டுது.
ராத்திரி காட்டெருமை வந்து
தின்னுட்டுப் போகுது."
அவன் சொன்னான்:
"வேலி போடு."

தேர்வு அறை. ஜன்னல் முழுக்க மூடுபனி.
பத்தொன்பதாம் வினா:
உள்ளுறை உவமத்தைச் சான்றுடன் விளக்குக.
பாடநூல் சான்று
வாயருகில் வந்து நின்றது, உள்ளே வரவில்லை.
பேரிக்காயை எழுதினேன்.
பழம் தலைவி என்று எழுதி, அடித்தேன்.
பழம் நாட்கள்.
காட்டெருமையும் நாட்கள்தான், ஐயா,
இருட்டில் வந்து தின்றுவிட்டுப் போவது.
வேலி, தலைவனின் அறியாமை.
சொன்னது வெளியே நிற்க
சொல்லாதது உள்ளே உறையும்
என்று ஒரு வரி சேர்த்து
அடிக்கோடு போட்டேன்.
மேற்கோள் எங்கே என்று
திருத்துபவர் சிவப்பில் கேட்கலாம்.
வந்து பாருங்கள் என்று முகவரி தந்திருப்பேன்;
பதிவெண்ணுக்கு மட்டுமே இடம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்
தொட்டபெட்டா பிரிவு தாண்டியதும் கூப்பிட்டான்.
"என்ன எழுதின?"
"பேரிக்காயப் பத்தி."
டிரைவர் கியர் மாற்றும் நேரம் பேச்சில்லை.
"மரத்துல இன்னும் இருக்கா?"
"மேக்கொப்புல நாலஞ்சு."
"நான் வந்து..."

டவர் போய்விட்டது.

வந்து.
தயங்கும்போது எல்லோரும் சொல்கிற வெறும் அசை அது.
வினையெச்சமும் அதுதான்,
முற்றுக்காகக் காத்து நிற்கும் சொல்.
பிரித்துப் பார்க்கவில்லை.
போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.
கட்டபெட்டில் மறுபடி டவர் வரும்.