நான்கு ஜிபியில் ஒரு பூண்டுச் சங்கம்

வத்தலக்குண்டில் கைமாறி வாங்கிய கணினி.
முன்பு ஏதோ டிராவல்ஸில் இருந்ததாம்,
இடைவெளிக் கட்டை வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது.
விற்ற பையன் தாஜுதீன்
"எல்லாம் போட்டுத் தரேன்க்கா, காசு வேணாம்" என்றான்.
படம் திருத்த ஒன்று,
பாட்டை வெட்ட ஒன்று,
வைரஸ் பிடிக்க மூன்று.
அந்த மூன்றும் ஒன்றையொன்று பிடிக்கப் பார்த்ததில்
பூம்பாறை வந்து சேர்ந்த அன்றே
மெஷினுக்கு இளைப்பு.

மூட்டைகளுக்கு நடுவே மேசை போட்டு
முதலில் எடுக்க ஆரம்பித்தேன்.
களை பறித்த கைக்கு
'நீக்கு' எங்கே இருக்கிறது என்று
யாரும் காட்ட வேண்டியதில்லை.
சாயங்காலத்துக்குள்
விசிறிச் சத்தம் அடங்கியது.

பிறகு ஓர் உர அட்டையின் முதுகில் எழுதினேன்
என்ன வேண்டுமென்று.

சிக்னல் கேட்கக் கூடாது.
சிக்னல் மன்னவனூர் வளைவில் இருக்கிறது,
அதுவும் பஸ் நின்றால்தான்.
மாசச் சந்தா கேட்கக் கூடாது.
பூண்டே வருஷத்துக்கு இரண்டு தரம்தான் காசைக் காட்டும்.
இலவசம் என்று கூப்பிட்டு உட்கார வைத்து
முப்பதாம் நாள் கதவைச் சாத்தக் கூடாது.
தைலமரம் ஒன்று கம்பியில் சாய்ந்து
பாதி வரியில் கரண்ட் போனால்
அந்தப் பாதி வரியாவது மிஞ்ச வேண்டும்.
மெஷின் நான்கு ஜிபி,
அதற்கு மேல் பசிக்கக் கூடாது.

பெரிய கணக்கு மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.
வேலுத்தாய்க்கு மின்னஞ்சல் முகவரி கேட்டது.
வேலுத்தாய்க்குக் கதவு எண்ணே கிடையாது.
நட்சத்திரக் குறி போட்ட கட்டம் அது,
நிரப்பாமல் நகர விடவில்லை.
நானும் விடவில்லை. எடுத்துவிட்டேன்.

கடைசியில் நின்றவை:
கட்டம் கட்டமாய் ஒரு சும்மாக் கிடைத்த தாள்,
தமிழ் அடிக்க ஒரு விசைப்பலகை,
பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்று.

எனக்கு முன்னால் எழுதிய அந்தோணிராஜ்
பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போன கடன் பேரேடு.
திறந்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்
ஈசல் மாதிரிக் கொட்டியது.
பழைய எழுத்துரு. பதினோரு வருஷமாக
யாரும் அதைப் படிக்கவில்லை,
படிக்க முடியாததால் யாரும் கேட்கவுமில்லை.

மாற்றித் தருகிற குட்டி நிரல் ஒன்று,
ஒரு போட்டோ அளவுகூட இல்லை.
செய்தவர் பேர் போடவில்லை.
'பிழை இருந்தால் மன்னிக்கவும்' என்று மட்டும்
அடியில் ஒரு வரி.
அமுக்கினேன்.
ஊர் வந்தது.
கொம்புகள் சில இடம் மாறி நின்றன,
ணகரம் இரண்டு இடத்தில் னகரமானது,
ஆனாலும் ஆட்கள் தெரிந்தார்கள்:
கருப்பாயி, இருளப்பன், மேலத்தெரு சூசை,
விதைப்பூண்டு இவ்வளவு கிலோ, வரவு இவ்வளவு.

நாற்பத்தேழாம் வரி.
குணவதி. அறுபது கிலோ. வரவு இல்லை.

இந்த ஊரில் குணவதி நான் ஒருத்திதான்.
கொழுந்தன் கட்டிவிட்டதாகச் சொன்னான்,
நான் நம்பினேன்,
அந்த விதையில்தான் முதல் தகரக் கூரை போட்டோம்.

வரி நீலமாகியிருந்தது.
நான்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் போல.
விரல் எங்கே இருந்தது என்று
இப்போது நான் சொல்லப் போவதில்லை.
வெளியே மூடுபனி
குழந்தை வேலப்பர் கோயில் விளக்கைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போது கரண்ட் போனது.
பேட்டரி ஏற்கெனவே செத்த பேட்டரி.

மறுநாள் பத்து மணிக்கு லைன் வந்ததும்
தாள் தானாகவே கேட்டது,
நேற்று பாதியில் விட்டதை மீட்கவா என்று.
ஆம் என்றேன்.
நூற்றுப் பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்,
நானும் என் இடத்தில்
இருளப்பனுக்குக் கீழே.

தலைவர் சின்னவேலப்பன் வடுகபட்டி போயிருக்கிறார்,
லோடு இறக்கிவிட்டு ராத்திரிதான் வருவார்.
வட்டிக்கு எந்தக் கட்டத்திலும் சூத்திரம் இல்லை.
அவரிடம் கேட்க வேண்டும்,
பதினோரு வருஷத்துக்கு எப்படிப் போடுவதென்று.
யாருக்கு என்று கேட்பார்.