அறுபது தலைப்பாகைகள்

முதலில் பாலாற்று மணலைத்தான் நினைத்தேன்.
பாலாற்றில் மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது?
அதுவும் இப்போ இல்லை, என்றான் முதஸ்ஸிர்.
கிடைத்த ஒரு சொம்பை எண்ணெய் விட்டுப் பிசறி
மாதிரியை அமுக்கி வார்த்துப் பார்த்தேன்.
அம்மை போட்ட முகத்தோடு வந்தான் சிப்பாய்.
மூன்றரை சென்டிமீட்டர் ஆளுக்கு
ஒரு பரு மணல்
ஒரு முழு மூக்கு.

ஆர்டர் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு:
தெர்மகோலில் வேலூர்க் கோட்டை,
அதற்குள் ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை பத்து,
விடிவதற்கு முன் அறுபது சிப்பாய்கள்.
ஈயம் கூடாது, பிள்ளைகள் தொடுவார்கள்
என்று இரண்டு முறை போன் செய்தார் தலைமையாசிரியை.
ஆகவே வெள்ளீயம்.
இருநூற்று முப்பத்திரண்டு டிகிரியில்
பாதரசம் போல் ஓடும் நல்ல பிள்ளை.

பகலில் எனக்குத் தொட்டபாளையத்தில் பல் வேலை.
யார் யாருடைய கடைவாயோ
ஜிப்சத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் மேசை.
அங்கிருந்து பல் அளவெடுக்கும் பசையைக் கொண்டுவந்தேன்,
கடற்பாசியில் செய்தது.
சட்டைப் பொத்தானைக்கூடப் பிடித்தது.
பிடித்ததை ஃபேன் காற்றில் விட்டுவிட்டுத் தூங்கினேன்.
காலையில் அச்சு சுருங்கி
சிப்பாய் ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தான்.

பிறகு ஜிப்சமே.
அவன் கோபக்காரன்.
உள்ளே ஒரு சொட்டு ஈரம் மிஞ்சினாலும்
உருகின உலோகத்தை முகத்தில் துப்புவான்.
கண்ணாடி போட்டிருந்தேன்.
இல்லாவிட்டால் இதை வேறு யாராவதுதான் எழுதவேண்டும்.
அடுத்த அச்சை இரண்டு நாள் மொட்டைமாடியில் வைத்தேன்,
கத்திரி வெயில், கரண்ட் பில் இல்லாத அடுப்பு.
காய்ந்தான், வார்த்தேன், வந்தது.
வந்தது என்றால், தலைப்பாகையின் அடிக்குழிவில் சிக்கி
வரமாட்டேன் என்றது.
சுத்தியலால் உடைத்து எடுத்தேன்.
ஓர் ஆளுக்கு ஓர் அச்சு.
அறுபது முறை யார் உடைப்பது?

எல்லா வம்பும் அந்தத் தலைப்பாகையில்தான்.
புதுசாய்க் கொடுத்தது, உருண்டை,
முன்னால் ஒரு தோல் குஞ்சம்.
தாடியைத் திருத்து, நெற்றியைத் துடை, கடுக்கனைக் கழற்று,
எல்லோரும் ஒன்றுபோல் நில்.
நானும் அதைத்தானே கேட்கிறேன் என்று
அரைத் தூக்கத்தில் ஒரு நினைப்பு.
டீ போட்டுக் குடித்தேன், போய்விட்டது.

முதஸ்ஸிருக்கு ஆம்பூரில் ஷூவுக்கு அடிப்பாகம் வார்க்கும் வேலை.
இரண்டு டப்பா சிலிக்கான் கொண்டுவந்தான்.
ஒன்று விலை கூடியது, பிளாட்டினத்தால் இறுகுவது, சுருங்காது.
இன்னொன்று செங்கல் நிறம், கொஞ்சம் நாற்றம், சூடு தாங்கும்.
விலை கூடியதைத்தான் ஊற்றினேன், ஆசை.
மறுநாள் வெளியே ரப்பர்,
சிப்பாயின் முகத்தைச் சுற்றி மட்டும் ஜாம்.
மாதிரி செய்த களிமண்ணில் கந்தகமாம்.
கந்தகம் பட்டால் அது இறுகாதாம்.
வெடிமருந்தை நான் வைக்கவில்லை.
அது மண்ணிலேயே இருந்திருக்கிறது.

செங்கல் நிறம்தான் கடைசியில்.
நாற்பது நிமிஷம் இளகியிருக்கும் என்றது டப்பா.
இருபது என்றது வேலூர்.
கலக்கி, குமிழி தட்டி, நூல் போல உயரத்திலிருந்து ஊற்றி,
துப்பாக்கி முனையில் காற்று அடைக்காமலிருக்க
பிளேடால் மயிரளவு வழி கீறி,
உள்ளே குழந்தைப் பவுடர் பூசி, வார்த்தேன்.
ரப்பரை வளைத்தால் போதும்,
தலைப்பாகையோடு நழுவி வந்தான்.

நாற்பது வரை அழகு.
நாற்பத்தொன்றில் குஞ்சம் இருந்த இடத்தில் ரப்பர் பிய்ந்தது.
அதற்குப் பிறகு வந்தவனுக்குப் பாதிக் குஞ்சம்,
ஐம்பதாவது ஆளுக்கு வெறும் தழும்பு,
கடைசிப் பத்துப் பேருக்கு அதுவும் இல்லை.
டப்பா காலி. நாள் காலி.

எமல்டா, இவங்க ஏன் இப்படி? என்று கேட்டார் தலைமையாசிரியை,
ஒருவனைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
நான் வாயைத் திறப்பதற்குள் முதஸ்ஸிர்,
பிடுங்கி எறிஞ்சிருப்பாங்க, மேடம்.

அந்தப் பத்துப் பேரையும் முன்வரிசையில் வைத்தார்,
அகழிப் பாலத்துக்கு நேராக.
பில்லில் அறுபதுக்கும்
ஒரே விலைதான் போட்டிருந்தேன்.