சத்தம் வராததற்குச் சாட்சி

பிழை எண் நாலாயிரத்துப் பதினேழு.
முதல் மூன்று எச்சரிக்கைக்கும் மணி அடிக்கிறது.
நாலாவதற்குத் திரை சிவக்கிறது,
மணி இல்லை.
அடிக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி வார்டு,
யாருடைய ஆக்சிஜனோ எண்பத்தைந்துக்கு இறங்கும்போது.
இப்போதைக்கு அந்த யாரோ
நான் தட்டச்சிட்ட பொய் நோயாளி.
பெயர் சோதனை ஏழு, வயது தொண்ணூற்றொன்பது,
ஒரு நாளைக்கு நாற்பது தடவை
சாகக் கிடப்பவர்.

திரையைப் பதிந்து அனுப்பினேன்.
வான்கூவரிலிருந்து ட்ரெவர் எழுதினான்:
உன் வீடியோவில் சத்தமே இல்லையே.
அதுதானப்பா பிழை என்றேன்.
இல்லை, முதல் மூன்று மணியும் இல்லை,
உன் பதிவே ஊமை என்றான்.
போட்டுப் பார்த்தேன். ஊமைதான்.

மைக்கைத் திறந்து மறுபடி பதிந்தேன்.
இம்முறை எல்லாம் விழுந்தது.
ஹீட்டரின் முனகல்,
கிச்சனர் கிங் தெருவில் வளையும் ரயில்
(அதுவும் மணி அடிக்கும், வேண்டாத நேரத்தில்),
குளியலறையிலிருந்து தாட்சாயணி போனில்
"நான் என்ன கேனச்சியா" என்று கேட்பது,
இவற்றுக்கு அடியில் எங்கோ
கிணற்றில் விழுந்த காசு மாதிரி
மூன்று மணிகள்.
நாலாவது வர வேண்டிய இடத்தில்
தாட்சாயணி தும்மினாள்.
அந்தத் தும்மலுக்குள் நாலாவது மணி
இருக்கலாம் அல்லவா என்றான் ட்ரெவர்.

ஆறு வருஷமாக இதே வேலை,
எனக்குத் தெரியாது:
இந்த இயந்திரம் தன் குரலைத் தானே கேட்காது.
வாய் உண்டு, காது உண்டு,
ஒன்றிலிருந்து மற்றதற்கு
உள்வழி இல்லை.
அதற்கென்று ஒரு பொய் ஒலிபெருக்கி
செய்து வைத்திருக்கிறார்கள்.
கூம்பில்லை, கம்பியில்லை, பெயர் மட்டும்.
இறக்கினேன்.
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
அணைத்து எழுப்பு என்றது, எழுப்பினேன்.
ஒலி போகும் இடம்: பொய்ப் பெருக்கி.
ஒலி வரும் இடம்: அதே.

வேலை செய்தது. அதாவது,
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
சத்தமெல்லாம் உள்ளுக்குள்ளேயே போய்விட்டது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே,
இங்கே கேட்கிற காது பெட்டிக்குள்,
செவிடு நான்.
பச்சைக் கட்டங்கள் துள்ளுவதைப் பார்த்து
இது ஒன்று, இது இரண்டு, இது மூன்று என்று
கண்ணால் கேட்டேன்.
சோதனை ஏழு நாலாம் முறை சரிந்தார்.
சிவப்பு.
கட்டங்கள் படுத்தே கிடந்தன.

அனுப்பப் போன கை நின்றது.
மூன்றாவது மணியோடு உன் குழாய் அடைத்திருக்கும்
என்பான் இப்போது.
மௌனம் சம்மதம் என்று யார் சொன்னார்களோ
அவர்கள் பிழைச் சீட்டு எழுதியதில்லை.

இன்னொரு ஜன்னலில்
மெட்ரோனோம் ஒன்றை ஓட விட்டேன்,
நொடிக்கு ஒரு டிக்.
மீண்டும் முதலிலிருந்து.
மணி, மணி, மணி.
பிறகு சிவப்பு முழுக்க
கட்டங்களில் சின்னச் சின்ன எம்பல்,
நொடி தவறாமல்.
பதிவு உயிரோடு இருக்கிறது.
மணிதான் இல்லை.
காதால் ஒரு முறையும் கேட்காமல்
அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

காலையில் பனி வழிக்கும் லாரி எழுப்பியது.
ட்ரெவரின் பதில் இரவு ஒன்று பத்துக்கே வந்திருந்தது.
அதன் 'டிங்'கும் பொய்ப் பெருக்கிக்குள் போயிருக்கிறது.
கேட்டேன், நாலாவது இல்லை, மன்னிக்கவும், அவ்வளவுதான்.

ஒலியை வெளியே திருப்பி
முதல் முறையாகப் போட்டுக் கேட்டேன்.
டிக்
டிக்
டிக்
பதினொரு நொடி.
வாயில் பற்பசையோடு வந்து நின்ற தாட்சாயணி
திரையின் சிவப்பைப் பார்த்தாள்.
"யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்களா அவரை?"

இது சும்மா டெஸ்ட்டுடி என்றேன்.
அவள் போன பிறகு
சோதனை ஏழின் ஆக்சிஜனை
தொண்ணூற்றெட்டு என்று மாற்றிவிட்டுக்
காபி போடப் போனேன்.